நிரலுக்குள் முன்னும் பின்னும் செல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறர் எழுதிய பெரிய மூலநிரலைப் படிக்கத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்ப ஒரே ஐயங்களைக் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விஎஸ் கோட், இன்டெலிஜே, விம், ஈமாக்ஸ் ஆகிய நான்கு எடிட்டர்களையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டுள்ளேன். மற்றவற்றிலும் இதே கருத்துகள் வேறு பெயர்களில் இருக்கும். எடிட்டர் நம் நடமாட்டத்தை ஒரே வரலாறாக வைத்திருப்பதில்லை, பல பட்டியல்களைத் தனித்தனியே பராமரிக்கிறது என்பதை முதலிலேயே மனத்தில் கொண்டால், கீழே உள்ள விடைகளில் பாதி தாமாகவே விளங்கும்.

பின்செல்வது, முன்செல்வது என்றால் என்ன? அது ‘அன்டூ’ மாதிரியா?

இல்லை. அன்டூ நீங்கள் எழுதியதை மாற்றியமைக்கிறது. பின்செல்வது உங்கள் பார்வையை மட்டுமே நகர்த்துகிறது, கோப்பில் ஓர் எழுத்தைக்கூடத் தொடுவதில்லை. ஒரு ஃபங்ஷனை அழைக்கும் வரியிலிருந்து அந்த ஃபங்ஷன் எழுதப்பட்ட இடத்துக்குத் தாவுகிறீர்கள் என்றால், கிளம்பிய கோப்பையும் வரியையும் எடிட்டர் குறித்துக்கொள்கிறது. பின்செல்லும் கட்டளை அந்தக் குறிப்பை எடுத்து உங்களை அங்கே சேர்க்கிறது. முன்செல்லும் கட்டளை, பின்னே வந்த வழியிலேயே மறுபடியும் முன்னே கொண்டுபோகிறது.

நிரலை மேலிருந்து கீழாக யாரும் படிப்பதில்லை. ஒரு வரியைப் புரிந்துகொள்ள வேறொரு கோப்புக்குப் போகவேண்டும், அங்கிருந்து இன்னொன்றுக்கு, பிறகு தொடங்கிய இடத்துக்கே திரும்பவேண்டும். திரும்பும் வழி எளிதாக இருந்தால்தான் போவதற்குத் துணிவு வரும். திரும்பி வருவது சிரமம் என்பதாலேயே பலர் உள்ளே போய்ப் பார்க்காமல், பெயரை வைத்து ஃபங்ஷன் என்ன செய்யும் என்று ஊகித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பிழைகள் நுழைவது பெரும்பாலும் அந்த ஊகங்களின் வழியாகத்தான்.

எந்த எடிட்டரில் எந்த விசை?

விஎஸ் கோட் எடிட்டரில், விண்டோஸில் ஆல்ட் விசையுடன் இடது அம்பு பின்னே செல்லவும் வலது அம்பு முன்னே செல்லவும் பயன்படுகின்றன. மேக்கில் கன்ட்ரோலுடன் கழித்தல் குறி பின்னே. அதோடு ஷிஃப்டும் சேர்ந்தால் முன்னே. லினக்ஸில் பின்செல்ல கன்ட்ரோல், ஆல்ட், கழித்தல் குறி மூன்றும் சேரவேண்டும். முன்செல்ல கன்ட்ரோல், ஷிஃப்ட், கழித்தல் குறி. ஒரே எடிட்டர் மூன்று இயங்குதளங்களில் மூன்று விதமாக இருப்பதால், கணினி மாற்றியவர்கள் இந்த வசதியே போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்டெலிஜேயில் விண்டோஸிலும் லினக்ஸிலும் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டோடும் இடது அல்லது வலது அம்பு. மேக்கில் கமாண்ட் விசையுடன் சதுர அடைப்புக்குறிகள். எக்லிப்ஸில் ஆல்ட் விசையுடன் அம்புகள். விமில் கன்ட்ரோலுடன் ஓ பின்னே, கன்ட்ரோலுடன் ஐ முன்னே. ஈமாக்ஸில் மெட்டாவுடன் (பெரும்பாலான விசைப்பலகைகளில் ஆல்ட்) முற்றுப்புள்ளி ஒரு பெயரின் வரையறைக்கு, அதாவது அது எழுதப்பட்ட இடத்துக்கு, அழைத்துச்செல்லும், மெட்டாவுடன் காற்புள்ளி திரும்பக் கொண்டுவரும். ஈமாக்ஸில் முன்செல்லும் கட்டளை வெகுகாலம் இல்லாமலிருந்து, 29-ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது: கன்ட்ரோல், மெட்டா, காற்புள்ளி.

சுட்டியின் பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள் இருந்தால் அவையும் பல எடிட்டர்களில் இதே வேலையைச் செய்யும். ஆனால் விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமல் திரும்பும் பழக்கத்தையே நான் பரிந்துரைப்பேன்; ஒரு மணிநேர வாசிப்பில் இந்தக் கட்டளையை எத்தனையோ முறை அழுத்தவேண்டியிருக்கும்.

கர்சரை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் அது பதிவாகிவிடுமா?

பதிவானால் பட்டியல் பயனற்றுப்போகும். ஒரு கோப்பைத் தாண்டித் திரும்ப நூறு முறை அழுத்தவேண்டிவரும். எனவே, எது ‘தாவல்’, எது சாதாரண நகர்வு என்பதற்கு ஒவ்வொரு எடிட்டரிலும் ஒரு விதி உண்டு. விஎஸ் கோட் ஒரே கோப்புக்குள் 10 வரிகளுக்குள் நடக்கும் சிறு நகர்வுகளைப் புதிய இடமாகக் கொள்வதில்லை. தொலைவான வரியில் கர்சரை வைத்தாலோ, வரையறைக்குத் தாவினாலோ, வேறு கோப்பைத் திறந்தாலோ பதிந்துகொள்கிறது.

விமின் விதி வேறு. அங்கே தொலைவு கணக்கில் இல்லை, கட்டளையின் வகைதான் கணக்கு. கோப்பின் கடைசி வரிக்குப் போவது, சொல்லைத் தேடுவது, அடுத்த பொருத்தத்துக்குப் போவது, இணை அடைப்புக்குறிக்குப் போவது, பத்தி பத்தியாக நகர்வது ஆகியவை தாவல்கள். ஜே அல்லது கே விசையால் கீழும் மேலும் போவது, முன்னால் ஐம்பது என்று எண் கொடுத்து ஒரே வீச்சில் ஐம்பது வரி போனாலும், தாவல் ஆகாது. “எண் கொடுத்துக் கீழே போனேன், திரும்ப முடியவில்லை” என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். அதற்குப் பதிலாக வரி எண்ணைக் கொடுத்து நேராக அந்த வரிக்குச் சென்றால் அது தாவலாகப் பதிவாகும். விமின் இந்தப் பட்டியலில் 100 இடங்கள் வரை இருக்கும். ‘ஜம்ப்ஸ்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் முழுப் பட்டியலையும் கண்ணால் பார்க்கலாம். ஐயம் வரும்போது ஊகிப்பதைவிட அதைப் பார்த்துவிடுவது நல்லது.

விசையை அழுத்தினால் எடிட்டர் எதுவும் செய்வதில்லை, என் கணினித் திரைதான் மாறுகிறது. ஏன்?

எடிட்டருக்கு முன்பே வேறு யாரோ அந்த விசையைப் பிடித்துக்கொள்கிறார்கள். இன்டெலிஜே பயன்படுத்துபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். லினக்ஸின் பல டெஸ்க்டாப்களில் கன்ட்ரோல், ஆல்ட், அம்பு என்பது ஒரு பணித்திரையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கான விசை. விண்டோஸில் சில கிராஃபிக்ஸ் டிரைவர்கள் இதே சேர்க்கையைத் திரையைச் சுழற்றுவதற்கு வைத்திருந்தன. இத்தகைய மோதலில் எடிட்டருக்குச் செய்தியே வந்துசேராது.

இயங்குதளத்தின் அமைப்புகளில் அந்த விசையை விடுவிக்கலாம், அல்லது எடிட்டரின் விசையமைப்பில் இந்தக் கட்டளைகளுக்கு வேறு சேர்க்கையைத் தரலாம். மாற்றுவதாக இருந்தால் பின்செல்வதையும் முன்செல்வதையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றியவர்கள் மற்றொன்றை மறந்தே போகிறார்கள்.

விமில் பின்னே போக முடிகிறது, முன்னே மட்டும் வர முடியவில்லை. கன்ட்ரோல்-ஐ என் கணினியில் கெட்டுப்போய்விட்டதா?

கெட்டுப்போகவில்லை. உங்கள் அமைப்புக் கோப்பில் டேப் விசைக்கு ஏதோ ஒரு வேலை கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வழக்கமான டெர்மினலில் கன்ட்ரோலுடன் ஐ அழுத்துவதும் டேப் விசையை அழுத்துவதும் ஒரே குறியீட்டைத்தான் அனுப்புகின்றன. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் பெரிய ஐ எழுத்தின் எண் 73. கன்ட்ரோல் விசை அதிலிருந்து 64-ஐக் கழிக்கிறது. மிஞ்சும் 9 என்பது டேப்பின் எண். விமுக்கு இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

ஆகவே, விமின் சாதாரண நிலையில் (உரையைத் தட்டாமல் கட்டளை கொடுக்கும் நிலை) டேப் விசையால் அடுத்த கோப்புக்குப் போகலாம் என்பதுபோல யாராவது எழுதிய வரியை நகலெடுத்துச் சேர்த்திருந்தால், முன்செல்லும் கட்டளை அத்தோடு மறைந்துவிடும். அந்த வரியை நீக்குங்கள், அல்லது முன்செல்வதற்கு வேறொரு விசையை ஒதுக்குங்கள். இரண்டு விசைகளையும் வேறுபடுத்தி அனுப்பும் புதிய டெர்மினல்களும் உண்டு. ஆனால் பல கணினிகளில் வேலை செய்பவர் அதை நம்பியிருக்க முடியாது.

எதையோ திருத்திக்கொண்டிருந்தேன், நடுவில் எங்கெங்கோ போய்விட்டேன். கடைசியாகத் திருத்திய இடத்துக்கு எப்படிப் போவது?

இதற்குப் பின்செல்லும் கட்டளையை மீண்டும் மீண்டும் அழுத்தவேண்டாம். பார்த்த இடங்களுக்கு ஒரு பட்டியல் இருப்பதுபோல, திருத்திய இடங்களுக்கும் தனியாக ஒரு பட்டியல் இருக்கிறது. விஎஸ் கோடில் கன்ட்ரோலுடன் கே, தொடர்ந்து கன்ட்ரோலுடன் க்யூ. மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். இன்டெலிஜேயில் கன்ட்ரோல், ஷிஃப்ட், பேக்ஸ்பேஸ். எக்லிப்ஸில் கன்ட்ரோலுடன் க்யூ. விமில் ஜி விசையைத் தொடர்ந்து அரைப்புள்ளி அழுத்தினால் அந்தக் கோப்பில் முந்தைய திருத்தத்துக்கும், ஜி விசையைத் தொடர்ந்து காற்புள்ளி அழுத்தினால் பிந்தைய திருத்தத்துக்கும் செல்லலாம்.

பத்துக் கோப்புகளைப் படித்து ஒரே ஒரு கோப்பில் எழுதுபவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள விசை வேறில்லை என்பது என் கருத்து. படித்த இடங்கள் ஏராளம். எழுதிய இடங்கள் சில. சிறிய பட்டியலில் தேடுவது எப்போதும் வேகமானது.

அதற்குக் கன்ட்ரோல்-இசட் அழுத்தி, உடனே ரீடூ செய்தால் போதாதா? நான் அப்படித்தான் செய்கிறேன்.

கர்சர் திருத்திய இடத்துக்கு வரும் என்பது உண்மைதான். ஆனால் அன்டூ செய்ததற்கும் ரீடூ செய்வதற்கும் இடையில் தவறுதலாக ஓர் எழுத்து விழுந்தாலும், பெரும்பாலான எடிட்டர்களில் ரீடூ செய்ய வேண்டியது அழிந்துவிடும். விம் திருத்தங்களை மரமாக வைத்திருப்பதால் அதில் மீட்கலாம்; பெரும்பாலான மற்றவற்றில் எழுதிய வேலை போய்விடும். மேலும், கோப்பு மாறியதாகக் கருதித் தானாகச் சேமிக்கும் வசதியும் அதையொட்டிச் சோதனைகளை ஓட்டும் கருவிகளும் வீணாகக் கிளம்பும். பார்வையை நகர்த்த உள்ளடக்கத்தைத் தொடும் கட்டளையைப் பயன்படுத்தவேண்டாம். முந்தைய விடையில் சொன்ன விசை அதே வேலையை ஆபத்தில்லாமல் செய்கிறது.

ஒரு ஃபங்ஷனுக்குள் போனேன், அங்கே பத்து இடம் சுற்றினேன். அழைத்த இடத்துக்கு ஒரே அழுத்தில் திரும்பணும். முடியுமா?

முடியும். இந்தப் பக்கத்தில் உள்ளவற்றில் மிகக் கவனமாகப் படிக்கவேண்டிய விடை இது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். படிவத்தைச் சரிபார்க்கும் கோப்பின் 40-ஆம் வரியில், தேதிகளை ஒப்பிடும் ஒரு ஃபங்ஷன் அழைக்கப்படுகிறது. அதன் வரையறைக்குத் தாவுகிறீர்கள். வேறொரு கோப்பின் 212-ஆம் வரியில் நிற்கிறீர்கள். அங்கே ‘நேர வேறுபாடு’ என்ற பொருள் தரும் ஒரு மாறியைத் தேடி ஐந்து பொருத்தங்களைப் பார்க்கிறீர்கள், கோப்பின் தலைப்பகுதிக்குப் போய் இம்போர்ட் வரிகளைப் பார்க்கிறீர்கள், பிறகு கடைசிக்குப் போகிறீர்கள். இப்போது 40-ஆம் வரிக்குத் திரும்பவேண்டும். பின்செல்லும் கட்டளை, பார்த்த இடம் ஒவ்வொன்றிலும் நின்று நின்றுதான் வரும். ஏனென்றால் அது நடந்த வழியைத் திருப்பி நடக்கிறது.

விமில் இதற்கென்றே டேக் அடுக்கு என்று இன்னொன்று உண்டு. கன்ட்ரோலுடன் வலது சதுர அடைப்புக்குறியை அழுத்தி வரையறைக்குப் போகும்போது கிளம்பிய இடம் அந்த அடுக்கின் மேல் வைக்கப்படுகிறது. கன்ட்ரோலுடன், டேக் என்பதன் முதலெழுத்தான டி விசையை அழுத்தினால் அடுக்கின் மேலே உள்ளதை எடுத்து, இடையில் எத்தனை தேடல் செய்திருந்தாலும் பொருட்படுத்தாமல், நேராக 40-ஆம் வரிக்கு வந்துவிடும். இந்த அடுக்கு 20 இடங்கள் வரை கொள்ளும். ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷனாக ஆறேழு படி இறங்கியவர் அதே எண்ணிக்கையில் ஏறினால் போதும். ஈமாக்ஸின் மெட்டா முற்றுப்புள்ளி, மெட்டா காற்புள்ளி இணையும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. சாதாரண நகர்வுகளுக்கு ஈமாக்ஸ் ‘மார்க் ரிங்’ என்ற வேறொன்றை வைத்திருக்கிறது.

விஎஸ் கோடில் வழக்கமான பின்செல்லும் விசை எல்லா நகர்வுகளையும் ஒன்றாகவே பார்க்கிறது. ஆனால் கட்டளைப் பலகையைத் திறந்து ‘கோ பேக்’ என்று தட்டினால் அதன் கிளைகள் தெரியும்: ஒன்று திருத்திய இடங்களில் மட்டும் பின்செல்வது, இன்னொன்று வரையறைக்குத் தாவியதுபோன்ற தாவல்களில் மட்டும் பின்செல்வது. இவற்றுக்குத் தொடக்கத்தில் விசை எதுவும் ஒதுக்கப்பட்டிருக்காது. நீங்களே ஒன்றை ஒதுக்கவேண்டும். ஒருமுறை ஒதுக்கிவிட்டால் மேலே சொன்ன எடுத்துக்காட்டில் இடைநிறுத்தங்கள் மறைந்துவிடும்.

சும்மா எட்டிப் பார்க்கத்தான் வேண்டும். அதற்கும் தாவித்தான் ஆகணுமா?

தேவையில்லை. விஎஸ் கோடில் ஆல்ட் விசையுடன் எஃப்12 அழுத்தினால் வரையறை அதே இடத்தில் ஒரு சிறு சாளரமாக விரியும். எஸ்கேப் அழுத்தினால் மூடிக்கொள்ளும். வாசிக்கும் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நூலின் பின்னிணைப்பைப் புரட்டிப் பார்ப்பதைப் போன்றது இது. பத்துப் பதினைந்து வரியுள்ள ஃபங்ஷனுக்கு இது போதும். அதைவிட நீளமானதைச் சிறு சாளரத்தில் உருட்டி உருட்டிப் படிப்பது கண்ணுக்கும் மனத்துக்கும் சிரமம். அப்போது தாவிச்சென்று திரும்புவதே மேல்.

இரண்டு முறை பின்னே வந்து, அங்கிருந்து வேறொன்றைப் பார்த்தேன். இப்போது முன்னே போகும் வழி மறைந்துவிட்டது. எங்கே போனது?

பிரவுசரில் நடப்பதேதான் இங்கும் நடக்கிறது. பின்னே வந்து புதிய திசையில் ஓர் அடி எடுத்துவைத்தால், பழைய திசையில் இருந்த முன்வழியை விஎஸ் கோடும் இன்டெலிஜேயும் கைவிட்டுவிடுகின்றன. விம் தொடக்கத்திலிருந்தே வேறு வழியில் போகிறது: புதிய தாவலைப் பட்டியலின் கடைசியில் சேர்க்கிறது, பழையவற்றை அழிப்பதில்லை, ஒரே வரி இரண்டு முறை வந்தால் முந்தைய பதிவை மட்டும் நீக்குகிறது. அதனால் எதுவும் தொலையாது, ஆனால் வரிசை நீங்கள் எதிர்பார்த்தபடி இருக்காது. பிரவுசரைப் போன்ற நடத்தையே வேண்டுமென்பவர்களுக்காக விமிலிருந்து பிரிந்த நியோவிமிலும் பிறகு விமிலும் ‘ஜம்ப் ஆப்ஷன்ஸ்’ என்ற அமைப்பில் ‘ஸ்டேக்’ என்ற மதிப்பு சேர்க்கப்பட்டிருக்கிறது.

முன்வழி தொலைந்தபின் மீட்க, இன்டெலிஜேயில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஈ மூன்றையும் அழுத்திப் பாருங்கள். அண்மையில் நின்ற இடங்கள் சுற்றியுள்ள சில வரிகளோடு பட்டியலாக வரும். கோப்பின் பெயர் நினைவில்லாவிட்டாலும் நிரலைப் பார்த்தே இடத்தைக் கண்டுகொள்ளலாம். விஎஸ் கோடில் அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியலோடு திருப்தியடைய வேண்டும்.

வரையறைக்குப் போ என்றால் வெறும் பெயரும் வகையும் உள்ள இடத்துக்குப் போகிறது. உண்மையான நிரல் எங்கே?

நீங்கள் போய்ச் சேர்ந்தது இன்டர்ஃபேஸாக, அதாவது ஃபங்ஷன்களை அறிவிக்க மட்டும் செய்யும் பகுதியாக, இருக்கும். அழைக்கும் வரியில் பொருளின் வகை இன்டர்ஃபேஸ் என்று மட்டும் தெரிந்தால், அதை நிறைவேற்றும் கிளாஸ்கள் பலவற்றுள் எது ஓடும் என்பதை எடிட்டர் முடிவுசெய்ய முடியாது. அதற்கு ‘இம்ப்ளிமென்டேஷனுக்குப் போ’ என்ற தனிக் கட்டளை இருக்கிறது. விஎஸ் கோடில் கன்ட்ரோலுடன் எஃப்12. ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால் பட்டியல் தரும்.

ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களில் இன்னொரு வகைச் சிக்கல் உண்டு. தாவினால் வகைகளை மட்டும் அறிவிக்கும் கோப்பில் போய் நிற்கும். 2022-இல் வெளிவந்த டைப்ஸ்கிரிப்ட் 4.7 பதிப்போடு ‘மூல வரையறைக்குப் போ’ என்ற கட்டளை வந்தது. அது அறிவிப்புக் கோப்பைத் தாண்டி, ஓடும் நிரலைக் கண்டுபிடிக்க முயல்கிறது.

வரையறை கிடைக்கவில்லை என்கிறது. ஆனால் அந்த ஃபங்ஷன் இருக்கிறது, நானே பார்த்தேன்.

இன்று பல எடிட்டர்களில் வரையறையைத் தேடித் தருவது எடிட்டர் அல்ல, அதன் பக்கத்தில் ஓடும் மொழிச் சர்வர் என்ற தனி நிரல். 2016-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த லேங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் வழியாக எடிட்டர் அதனிடம், இந்தக் கோப்பில் இந்த வரியில் இந்த எழுத்தில் உள்ள பெயரின் வரையறை எங்கே என்று கேட்கிறது. சர்வருக்குத் திட்டத்தின் அமைப்பு தெரியாவிட்டால் விடையும் தெரியாது. சி, சி++ மொழிகளுக்கான சர்வராகிய கிளாங்டி, ஒவ்வொரு கோப்பும் எந்தத் தேர்வுகளோடு கம்பைல் ஆகிறது என்பதை ‘கம்பைல் கமாண்ட்ஸ்’ என்ற ஜேசான் கோப்பிலிருந்து அறிகிறது. அது இல்லாவிட்டால் ஹெடர் கோப்புகளைக் காணாமல் தவிக்கும். பைத்தானில் தவறான இன்டர்பிரிட்டரைத் தேர்ந்தெடுத்திருந்தால் நிறுவிய நூலகங்கள் கண்ணில் படாது. திட்டத்தின் மூல ஃபோல்டரைத் திறக்காமல் ஒற்றைக் கோப்பை மட்டும் திறப்பதும் பொதுவான காரணம்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் கிடைக்கவில்லை என்றால், பெயர் நிரலில் பெயராக இல்லாமல் மேற்கோளுக்குள் உரையாக இருக்கிறதா என்று பாருங்கள். அமைப்புக் கோப்பில் எழுதப்பட்ட கிளாஸ் பெயர், முகவரியோடு இணைக்கப்பட்ட ஃபங்ஷன், இயங்கும்போது ஒட்டவைத்து உருவாக்கும் பெயர் ஆகியவற்றைச் சர்வரால் பின்தொடர முடியாது. அங்கே முழுத் திட்டத்திலும் சொல்லைத் தேடுவதுதான் வழி. அதைத் தாழ்வாக நினைக்கவேண்டாம்.

சர்வர் சிக்கிக்கொண்டால் பின்செல்வதும் நின்றுவிடுமா?

நிற்காது. போகவேண்டிய இடத்தைச் சொல்வது மட்டுமே சர்வரின் வேலை. நீங்கள் வந்த வழியை நினைவில் வைப்பது எடிட்டரின் வேலை. சர்வரை மறுதொடக்கம் செய்தாலும் நீங்கள் கடந்த இடங்களின் பட்டியல் அப்படியே இருக்கும். பின்செல்வதில் கோளாறு என்றால் சர்வரின் அமைப்புகளைத் துருவவேண்டாம்.

திரையை இரண்டாகப் பிரித்தால் பின்செல்லும்போது கர்சர் அடுத்த பாதிக்கு ஓடிவிடுகிறது. தடுக்க முடியுமா?

விஎஸ் கோடில் தொடக்கத்தில் எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவாக ஒரே வரலாறுதான். அமைப்புகளில் ‘நேவிகேஷன் ஸ்கோப்’ என்று தேடினால் அதை ஒவ்வொரு எடிட்டர் குழுவுக்கும், அல்லது ஒவ்வொரு எடிட்டருக்கும் தனியாக்கும் தேர்வுகள் கிடைக்கும். இடப்பக்கம் நிரலும் வலப்பக்கம் சோதனைகளும் வைத்து வேலை செய்பவர்களுக்குக் குழுவாரியான வரலாறு பொருத்தமானது. விமில் ஒவ்வொரு சாளரத்துக்கும் தனிப் பட்டியல் உண்டு. சாளரத்தைப் பிரிக்கும்போது பழைய பட்டியலின் நகலோடு புதியது தொடங்குகிறது.

அந்த ஃபங்ஷனை அழைக்கும் முப்பது இடங்களையும் பார்க்கணும். ஒவ்வொன்றாகப் போய்த் திரும்பி வரணுமா?

வேண்டாம். இங்கே நீங்கள் நடக்கவேண்டியது வரலாற்றில் அல்ல, தேடல் முடிவுகளின் பட்டியலில். விஎஸ் கோடில் ஷிஃப்டுடன் எஃப்12 அழுத்தி வரும் பயன்பாடுகளுக்கிடையே எஃப்4 விசையால் நகரலாம். விமில் முடிவுகளைக் குவிக்ஃபிக்ஸ் பட்டியலில் வாங்கிக்கொண்டால் அடுத்தது, முந்தையது என்று கட்டளை கொடுத்துப் போகலாம். முப்பதையும் பார்த்துமுடித்தபின் தொடங்கிய இடத்துக்கு எப்படித் திரும்புவது என்பதுதான் உண்மையான சிக்கல். கிளம்புவதற்கு முன் ஒரு குறி வைத்துவிடுங்கள். எப்படி என்பது அடுத்த விடையில்.

நாளைக்கும் இதே இடத்துக்கு வரவேண்டும். வரலாறு அதுவரை இருக்குமா?

இருக்கும் என்று நம்பவேண்டாம். விம் தன் தாவல் பட்டியலை விமின்ஃபோ கோப்பில் சேமித்து மறுமுறை தருகிறது. ஆனால் புதிய தாவல்கள் பழையவற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். திரும்பி வரவேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்த இடத்துக்குக் குறி வைப்பதே முறை. விமில் சிறிய எழுத்தில் வைக்கும் குறி அந்தக் கோப்புக்குள் மட்டும் செல்லும். பெரிய எழுத்தில் வைக்கும் குறி எந்தக் கோப்பிலிருந்தும் அழைக்கும். இன்டெலிஜேயில் விண்டோஸிலும் லினக்ஸிலும் எஃப்11 அழுத்திப் புக்மார்க் வைக்கலாம். ஈமாக்ஸில் புக்மார்க்குகளும் ரெஜிஸ்டர்களும் உண்டு. விஎஸ் கோடில் இந்த வசதி உள்ளமைந்ததாக இல்லை. நீட்டிப்பு ஒன்றை நிறுவவேண்டும்.

குறியும் வைத்தேன், பின்னேயும் சென்றேன், ஆனால் சில வரிகள் தள்ளிப் போய் நிற்கிறது. ஏன்?

நீங்கள் எடிட்டருக்குள்ளேயே வரிகளைச் சேர்த்தால் விம் தன் குறிகளையும் தாவல் பட்டியலையும் அதற்கேற்பச் சரிசெய்துகொள்கிறது. கோப்பு வெளியிலிருந்து மாறும்போதுதான் கணக்குத் தவறுகிறது: நிரலின் அமைப்பை ஒழுங்குசெய்யும் ஃபார்மேட்டர் ஒன்று மூடிய கோப்பை மாற்றியெழுதுவது, பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் கருவியில் கிளை மாறுவது, சக பணியாளரின் மாற்றங்களை இழுப்பது. எடிட்டரிடம் இருப்பது பழைய வரி எண். அந்த எண்ணில் இப்போது வேறொன்று இருக்கிறது.

பெயர்கள் எங்கே வரையறுக்கப்பட்டுள்ளன என்று அட்டவணை எழுதும் பழைய சிடேக்ஸ் கருவி இதை அழகாகக் கையாண்டது. அதன் கோப்பில் பெரும்பாலும் வரி எண்ணுக்குப் பதிலாக அந்த வரியின் உரையே தேடவேண்டிய வடிவமாக எழுதப்பட்டிருக்கும். மேலே ஐம்பது வரி சேர்ந்தாலும் தேடிக் கண்டுபிடித்துவிடும். அதே வழியை நீங்களும் பின்பற்றலாம்: கிளை மாறும் வழக்கமுள்ள திட்டங்களில் வரியை நினைவில் வைக்காமல் ஃபங்ஷனின் பெயரை நினைவில் வைத்து, பெயரைக் கொடுத்துத் தாவுங்கள். விஎஸ் கோடில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றும் சேர்ந்து அந்தக் கோப்பில் உள்ள பெயர்களைப் பட்டியலிடும்.

விஎஸ் கோடில் விம் நீட்டிப்பு போட்டிருக்கிறேன். கன்ட்ரோல்-ஓ ஓர் இடத்துக்கும் ஆல்ட்-இடது அம்பு வேறோர் இடத்துக்கும் போகின்றன. எது சரி?

இரண்டும் சரி, இரண்டும் வெவ்வேறு பட்டியல்கள். நீட்டிப்பு விமின் விதிப்படி தனக்கென ஒரு தாவல் பட்டியலை வைத்திருக்கிறது. எடிட்டர் 10 வரி விதிப்படி தன்னுடையதை வைத்திருக்கிறது. ஒன்றில் இரண்டடி பின்னே வந்துவிட்டு மற்றொன்றில் ஓரடி முன்னே போக முயலும்போதுதான் வழி தவறுகிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் இரண்டு விசைகளை மட்டும் பயன்படுத்துங்கள். சுட்டியால் கோப்புகளைத் திறப்பவர் என்றால் எடிட்டருடையதே உங்களுக்கு ஏற்றது.

டிபக் செய்த பிறகு பின்னே போனால் நான் பார்க்கவே பார்க்காத கோப்புகள் வருகின்றன.

பிழையைத் தேட நிரலைப் படிப்படியாக ஓட்டும் டிபக்கர் ஒவ்வொரு படியிலும் எங்கே நிற்கிறதோ அந்தக் கோப்பை எடிட்டர் திறந்து காட்டுகிறது. அந்த இடங்களும் நீங்கள் சென்ற இடங்களாகவே பட்டியலில் சேரக்கூடும். நூலகத்துக்குள் படி இறங்கிவிட்டால் சில நொடிகளிலேயே வரலாறு அந்நியக் கோப்புகளால் நிறைந்துவிடும். டிபக் செய்யும்போது அழைத்தவரிடம் திரும்ப, பின்செல்லும் கட்டளையை நாடாமல் எதை எது அழைத்தது என்று வரிசையாகக் காட்டும் கால் ஸ்டேக் பலகையில் இப்போதைய ஃபிரேமுக்கு (வரிசையில் உள்ள ஒரு அழைப்பு) அடுத்துக் கீழே உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் படித்த வழியை எடிட்டரின் வரலாறு சொல்லும். நிரல் ஓடிய வழியைக் கால் ஸ்டேக்தான் சொல்லும். டிபக் முடிந்ததும் முந்தைய வேலைக்குத் திரும்ப, கடைசியாகத் திருத்திய இடத்துக்கான விசையை அழுத்துங்கள். டிபக்கர் எதையும் திருத்துவதில்லை என்பதால் அந்தப் பட்டியல் கலங்காமல் இருக்கும்.